பாதரசத்துக்குப் பின்னால் வந்த சட்டம்

என்னிடம் பிளஸ் டூ வேதியியல் படித்த பெண் ஒருத்தி இப்போது கொடைக்கானல் நாயுடுபுரத்தில் தன் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தமிழில் தரும் பதில்களைப் படித்து மதிப்பெண் போட வேண்டும், அதுதான் வேலை. கைக்குழந்தை தூங்கும் நேரம் பார்த்து உட்காருகிறாள். பதில் சரியா, மரியாதையாக இருக்கிறதா, ஆபத்தான எதையாவது சொல்லிக்கொடுக்கிறதா என்று பார்த்துக் குறிக்கிறாள். எந்த நிறுவனத்தின் செயலி என்பது அவளுக்கே தெரியாது. நடுவில் ஓர் ஏஜென்சி இருக்கிறது. பார்த்ததை வெளியில் பேசக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அதனால் அவள் எந்தப் பதிலையும் என்னிடம் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. பொதுவாக ஒரு சந்தேகம் மட்டும் கேட்டாள்.

"டீச்சர், ஒரு கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டால் சொல்ல மாட்டேன் என்று மறுக்கிறது, அதையே தமிழில் கேட்டால் சொல்லிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் குறித்து அனுப்பிவிடுவேன். அவர்கள் கண்டுகொள்ளாவிட்டால் அதற்கு மேல் யாரிடம் சொல்வது?"

ரேஷன் கடையில் எடை குறைந்தால் யாருக்கு எழுதுவது என்று எனக்குத் தெரியும். மருந்துக் கடையில் காலாவதியான மாத்திரை கொடுத்தால் எந்த அலுவலகத்துக்குப் போவது என்று தெரியும். இவள் கேட்டதற்கு என்னால் ஒரு முகவரி சொல்ல முடியவில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியைக்கு நேரம் இருக்கிறது. உட்கார்ந்து தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, உலகத்தில் எங்குமே அப்படி ஒரு முகவரி உறுதியாக எழுதப்படவில்லை என்பது புரிந்தது. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

அவள் கேட்டது கற்பனையான சந்தேகம் அல்ல. 2023-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையே சோதித்துப் பார்த்தார்கள். அன்றைக்குப் பெயர்பெற்ற ஒரு மொழி மாதிரி (இத்தகைய செயலிகளுக்குள் இயங்கும் மென்பொருள்), ஆங்கிலத்தில் கேட்டபோது மறுத்த தீய கேள்விகளை ஜூலு போன்ற, இணையத்தில் எழுத்து குறைவாக உள்ள மொழிகளில் மாற்றிக் கேட்டபோது பதில் சொல்லிவிட்டது. காவல் ஆங்கிலத்தில் பலமாக இருந்தது, மற்ற மொழிகளில் தளர்ந்திருந்தது. அந்த ஓட்டையை அடைத்திருப்பார்கள்; அதன்பின் பல புதிய மாதிரிகளும் வந்துவிட்டன. ஆனால் எந்தப் பக்கம் காவல் குறைவோ அந்தப் பக்கமாக ஆபத்து வரும் என்பதை நான் கணினியிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கொடைக்கானலில் வேலை பார்த்த எந்த வேதியியல் ஆசிரியைக்கும் அது தெரியும்.

நான் இங்கே வேலைக்கு வந்த காலத்தில் ஊரில் பெரிய தொழிற்சாலை என்றால் அது ஒன்றுதான். தெர்மாமீட்டர் ஃபேக்டரி என்று சொன்னால் போதும், செயின்ட் மேரீஸ் ரோடு என்று ஆட்டோக்காரருக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. என் வகுப்பில் இருந்த பிள்ளைகளில் பலருடைய அப்பாக்கள் அங்கே வேலை பார்த்தார்கள். மாதச் சம்பளம், சீருடை, மலையில் அபூர்வமாகக் கிடைக்கும் நிலையான வேலை. பாதரசம் பற்றிய பாடம் வந்தபோது ஒரு பையன் மைப் புட்டியில் கொஞ்சம் எடுத்து வந்து மேசையில் வைத்தான். பிள்ளைகள் எல்லோரும் அதைச் சுற்றி நின்றார்கள். அறை வெப்பத்திலேயே ஆவியாகும், வாசனை கிடையாது, நிறம் கிடையாது, மூச்சில் போனால் நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலக்கும், நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும் என்று பாடமாகச் சொன்னேன். புட்டியை இறுக மூடி வைத்தோம். அந்தப் பையனின் முகத்தில் இருந்த பெருமை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அப்பாவின் வேலையை எல்லோருக்கும் காட்டிய பெருமை.

அந்தத் தொழிற்சாலை இங்கே பிறந்தது அல்ல. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்தது. அங்கே மூடப்பட்டு, 1980-களின் முற்பகுதியில் அதன் இயந்திரங்கள் நம் மலைக்கு வந்தன. பாதரசமும் வெளிநாட்டிலிருந்து வந்தது, செய்த தெர்மாமீட்டர்களும் வெளிநாடுகளுக்கே போயின. நடுவில் நடந்த வேலையும் அந்த வேலையின் ஆவியும் மட்டும் இங்கே தங்கின. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மூட்டை மூட்டையாகக் கிடப்பதை முன்னாள் தொழிலாளர்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் வெளிக்கொண்டுவந்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு தூத்துக்குடி வழியாக அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. கழிவு புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போனதை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. மண்ணில் கலந்ததைத் திருப்பி அனுப்ப முடியவில்லை. தொழிற்சாலைக்குப் பின்னால் சரிவு பாம்பாறு சோலையில் போய் முடிகிறது. அந்தத் தண்ணீர் பெரியகுளம் பக்கம் இறங்குகிறது.

அதன் பிறகு நடந்ததைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நோய் என்றால் நிரூபி என்றார்கள். எந்த வேலை, எத்தனை வருடம், வேலைக்குச் சேர்ந்த அன்று ரத்தத்தில் பாதரசம் எவ்வளவு, விலகிய அன்று எவ்வளவு? தொழிலாளியின் கையில் இது எதுவும் இல்லை. உடல்நலக் கேட்டுக்கும் வேலைக்கும் தொடர்பில்லை என்பது நிறுவனத்தின் நிலை. சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு பத்தாண்டு இழுத்து, 2016-இல் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட்டது. மண்ணைச் சுத்தம் செய்யும்போது ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விடலாமா, அதைவிடக் குறைவாக இருக்க வேண்டாமா என்ற வாதம் அதற்குப் பிறகும் நடந்தது. பணக்கார நாட்டில் ஒப்புக்கொள்ள மாட்டாத அளவை நம் சோலைக்கு ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கேட்டு ஆட்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். மைப் புட்டி கொண்டுவந்த பையனின் அப்பா அந்த உடன்பாட்டுக்கு முன்பே இறந்துவிட்டார். எதனால் என்று எழுத எனக்கு உரிமையில்லை. யாருமே அளந்து வைக்கவில்லையே.

ஜப்பானின் மினமாட்டாவில் பாதரச நோயை அரசுப் பதிவேட்டில் ஏற்றியது 1956 மே 1 அன்று. காரணம் அங்கிருந்த ரசாயனத் தொழிற்சாலைக் கழிவுதான் என்று ஜப்பான் அரசு ஒப்புக்கொள்ள 1968 ஆயிற்று. பாதரசத்துக்கு என்று உலக அளவில் ஓர் உடன்படிக்கை, அந்த ஊரின் பெயரிலேயே மினமாட்டா உடன்படிக்கை, 2013-இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 2017. இந்தியா ஏற்றது 2018. பாதரசத் தெர்மாமீட்டர் உற்பத்தியை 2020-க்குள் நிறுத்த வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்த முதல் பதிவுக்கும் உடன்படிக்கைக்கும் நடுவில் 57 ஆண்டுகள். எங்கள் ஊர்த் தொழிற்சாலை அந்த இடைவெளிக்குள்ளேயே வந்து, ஓடி, மூடவும் பட்டுவிட்டது.

இந்த மனநிலையோடுதான் நான் செயற்கை நுண்ணறிவு பற்றிய உலக ஏற்பாடுகளைப் படித்தேன். என் கேள்வி ஒன்றே ஒன்று: யார், எப்போது, உள்ளே போய்ப் பார்க்கலாம்?

2023 நவம்பரில் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் நாடுகள் முதல்முறையாக இதற்கென்றே கூடின. இந்தியா, சீனா, அமெரிக்கா உட்பட 28 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒரே அறிக்கையில் கையெழுத்திட்டன. மிக வலிமையான மாதிரிகளால் பேரழிவு அளவுக்குத் தீங்கு வரலாம் என்று அதில் வெளிப்படையாக எழுதியிருந்தார்கள். சீனாவும் அமெரிக்காவும் ஒரே தாளில் அப்படிக் கையெழுத்திட்டது சிறிய விஷயமில்லை. அடுத்த ஆண்டு மே மாதம் தென் கொரியாவின் சோல் நகரில் கூடியபோது 16 நிறுவனங்கள் தாமாகவே சில உறுதிமொழிகள் கொடுத்தன: ஆபத்து எந்த அளவைத் தாண்டினால் நிறுத்துவோம் என்று முன்கூட்டியே எழுதி வைப்போம் என்றன. 2025 பிப்ரவரியில் பாரிஸ். பிரான்சோடு சேர்ந்து இந்தியாவும் தலைமை ஏற்ற கூட்டம் அது. அதன் அறிக்கையில் அமெரிக்காவும் பிரிட்டனும் கையெழுத்திடவில்லை. நான் பாதுகாப்பு பற்றிப் பேச வரவில்லை, வாய்ப்பு பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்ற பொருளில் அமெரிக்கத் துணை அதிபர் ஜே. டி. வான்ஸ் மேடையிலேயே சொன்னார். 2026 பிப்ரவரியில் அதே வரிசைக் கூட்டம் புதுதில்லிக்கு வந்தது.

கூட்டங்களை நான் குறைத்துப் பேசவில்லை. பேசாமல் உடன்படிக்கை வராது. ஆனால் இதுவரை எழுதியவற்றில் மீறினால் என்ன நடக்கும் என்ற வரி இல்லை. உறுதிமொழி கொடுத்தவரே தன்னைச் சோதித்துத் தானே அறிக்கை தருகிறார். எங்கள் மலையில் அப்படிப்பட்ட அறிக்கைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

சட்டத்தின் பல் உள்ள இடம் என்று சொன்னால் ஐரோப்பிய ஒன்றியத்தைத்தான் சொல்ல வேண்டும். அவர்களுடைய செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்ட் 1 முதல் அமலில் இருக்கிறது, பகுதி பகுதியாக நடைமுறைக்கு வருகிறது. ஒரு மாதிரியைப் பயிற்றுவிக்கச் செலவான கணக்கீடுகளின் எண்ணிக்கை பத்தின் 25-ஆம் அடுக்கைத் தாண்டினால், அதாவது ஒன்றுக்குப் பின்னால் 25 சுழியம் போட்ட எண்ணைத் தாண்டினால், அது பெரும் ஆபத்துக்கு இடமுள்ளதாகக் கருதப்படும். செய்தவர் தெரிவிக்க வேண்டும், சோதிக்க வேண்டும், விபத்து நடந்தால் சொல்ல வேண்டும். அபராதமும் உண்டு. ராணுவப் பயன்பாட்டுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஐரோப்பியச் சந்தையில் வைக்காத, அங்கே பயன்படாத சரக்குக்கும் பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வேறான ஐரோப்பிய மன்றம் 2024 செப்டம்பரில் வில்னியஸில் கையெழுத்துக்குத் திறந்த உடன்படிக்கை, செயற்கை நுண்ணறிவு விஷயத்தில் நாடுகளைச் சட்டப்படி கட்டும் முதல் பன்னாட்டு உடன்படிக்கை. அதிலும் தேசப் பாதுகாப்புக்கு விலக்கு இருக்கிறது. ஐ.நா. பொதுச்சபை 2025 ஆகஸ்டில் 40 பேர் கொண்ட சுயேச்சையான அறிவியல் குழு ஒன்றையும், எல்லா நாடுகளும் பேசும் ஓர் உரையாடலையும் ஏற்படுத்தத் தீர்மானித்தது. 2026-இல் ஜெனீவா, 2027-இல் நியூயார்க் என்று இடமும் குறித்தார்கள். அந்த அறிவியல் குழுவை நான் மிகவும் மதிக்கிறேன். நம் மலை உச்சியில் இருக்கும் சூரிய ஆய்வகம் நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்து வைத்திருப்பதால்தான் இன்று ஒரு கரும்புள்ளியைப் பற்றிச் சண்டை போடாமல் பேச முடிகிறது. பழைய அளவு கையில் இல்லாத இடத்தில் பணம் உள்ளவர் சொல்வதே உண்மையாகிவிடும் என்பதை நாங்கள் அனுபவித்துவிட்டோம். ஆனாலும் அந்தக் குழு அறிக்கை எழுதும். யாருடைய கதவையும் தட்டித் திறக்காது.

கதவைத் திறக்க வைத்த உடன்படிக்கை ஒன்று இருக்கிறது. அதை வேதியியல் படித்த நாங்கள் அறிவோம்.

ரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கை 1993-இல் கையெழுத்துக்கு வந்தது, 1997 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் சிக்கலை நினைத்துப் பாருங்கள். தயோடைகிளைக்கால் என்று ஒரு பொருள். பால்பாயின்ட் பேனா மையிலும் துணிச் சாயத்திலும் பயன்படுகிறது. அதிலிருந்து ஒரே ஒரு படி தாண்டினால் கடுகு வாயு, முதல் உலகப் போரில் ஆட்களின் நுரையீரலை வேகவைத்த நஞ்சு. பேனா மையைத் தடை செய்ய முடியுமா? தடை செய்யவில்லை. பொருள்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள். எவ்வளவு செய்தால் அறிவிக்க வேண்டும் என்று அளவு வைத்தார்கள். தி ஹேக் நகரில் ஓர் அலுவலகம், அங்கிருந்து எந்த உறுப்பு நாட்டின் ஆலைக்கும் போகக்கூடிய ஆய்வு அதிகாரிகள். தனியார் ஆலைக்குள் அயல்நாட்டு அதிகாரி நுழைவதா, வியாபார ரகசியம் என்ன ஆவது என்று அன்றும் கேட்டார்கள். அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். இந்தியா தன்னிடம் இருந்ததை அறிவித்து, 2009-இல் அழித்து முடித்தது. அந்த அமைப்புக்கு 2013-இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. சிரியாவில் அந்த உடன்படிக்கை மீறப்பட்டது, மறுக்கவில்லை. ஆனால் மீறப்பட்டது என்று ஆதாரத்தோடு சொல்ல ஆள் இருந்தது.

இதன் பக்கத்தில் உயிரி ஆயுத உடன்படிக்கையை வையுங்கள். 1972-இல் கையெழுத்து, 1975-இல் நடைமுறை. ஆய்வு அதிகாரி கிடையாது. கையெழுத்திட்ட சோவியத் ஒன்றியம் அதன்பிறகும் ரகசியமாக உயிரி ஆயுதத் திட்டத்தை நடத்தியது. 1992-இல் ரஷ்ய அதிபர் யெல்ட்சின் ஒப்புக்கொண்ட பிறகுதான் உறுதியானது. சோதனை முறை ஒன்றைச் சேர்க்கப் பல ஆண்டு பேசினார்கள், 2001-இல் அமெரிக்கா விலகிக்கொள்ள அதுவும் முறிந்தது. இரண்டுமே ஒரே நல்லெண்ணத்தில் எழுதிய தாள்கள். ஒன்றில் உள்ளே போகும் உரிமை இருந்தது, மற்றதில் இல்லை. செயற்கை நுண்ணறிவுக்கு இப்போது உலகம் எழுதிக்கொண்டிருப்பது இரண்டாவது வகைத் தாள் என்று நான் அஞ்சுகிறேன்.

கணினி மென்பொருளை எப்படிச் சோதிப்பது, ஒரு பென்டிரைவில் போய்விடுமே என்பார்கள். பயிற்றுவித்து முடித்த மாதிரியைப் பொறுத்தவரை அது உண்மை. அதன் எடைகளை, அதாவது பயிற்சியில் அது கற்றதைத் தாங்கும் எண்களை, இணையத்தில் வெளியிட்டுவிட்டால் திரும்பப் பெற வழியில்லை. தமிழ் ஆய்வாளர்களுக்கு அப்படி வெளியிட்டவைதான் கைகொடுக்கின்றன என்பதால் அந்தப் பிரச்சினையில் என்னால் எளிதாக ஒரு பக்கம் சாய முடியவில்லை. ஆனால் பெரிய மாதிரியைப் பயிற்றுவிப்பது ஒளித்துச் செய்யும் வேலை அல்ல. அதற்கு ஆயிரக்கணக்கான சிப்கள் வேண்டும். ஒரு சிறு நகரத்துக்கு வேண்டிய மின்சாரம் வேண்டும். மிக நுண்ணிய சிப்களைச் செதுக்கும் அதிபுற ஊதாக் கதிர் இயந்திரத்தை உலகத்தில் செய்வது நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். என்ற ஒரே நிறுவனம். உயர்ந்த ரகச் சிப்களில் பெரும்பகுதி தைவானில் தயாராகிறது. கண்காணிக்க வேண்டிய கதவுகள் எண்ணிக்கையில் குறைவு. தயோடைகிளைக்காலைப் பின்தொடர்ந்தவர்களுக்கு இவ்வளவு வசதி இருக்கவில்லை.

நீண்ட கால ஆபத்து என்று பேசினால் சிரிக்கிறவர்கள் உண்டு. இயந்திரம் எழுந்து நின்று மனிதரைக் கொல்லுமா என்பார்கள். 2023 மே 30 அன்று ஒரு வரி அறிக்கை வந்தது: செயற்கை நுண்ணறிவால் மனித இனம் அழியும் ஆபத்தைக் குறைப்பதை, பெருந்தொற்று, அணுப்போர் ஆகியவற்றுக்கு இணையாக உலகம் கருத வேண்டும் என்பது அதன் சாரம். கையெழுத்திட்டவர்களில் அந்த மாதிரிகளைச் செய்யும் நிறுவனங்களின் தலைவர்களே இருந்தார்கள். 2024-இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜெஃப்ரி ஹின்டன், இன்னும் முப்பது ஆண்டுக்குள் அப்படி நடக்க 10 முதல் 20 சதவீதம் வாய்ப்பு என்று தன் கணிப்பைச் சொன்னார். அவரோடு சேர்ந்து கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது பெற்ற யான் லெகுன் இந்த அச்சத்தை ஏற்பதில்லை. இப்படித் துறையின் உச்சியில் இருப்பவர்களே இரண்டு பக்கமாக நிற்கும்போது எண்ணைப் பிடித்துக்கொண்டு நான் வாதாடப் போவதில்லை.

என்னை உறுத்துவது வேறு. கனடாவின் கணினி அறிஞர் யோஷுவா பெஞ்சியோ தலைமையில் பல நாட்டு அறிஞர்கள் சேர்ந்து எழுதும் பன்னாட்டுப் பாதுகாப்பு அறிக்கை இருக்கிறது. முதலாவது 2025 ஜனவரியில் வந்தது. இந்தத் துறையின் ஆய்வுகளைப் படித்துக்கொண்டே வந்தபோது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். தாங்கள் சோதிக்கப்படுகிறோம் என்பதைச் சில மாதிரிகள் கண்டுகொள்கின்றன, அப்போது வேறு விதமாக நடந்துகொள்கின்றன என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆய்வகத்தில் எத்தனை வருடம் நின்றிருக்கிறேன். கந்தக அமிலம் ஆய்வக மேசையில் ஒரு விதமாகவும் சாக்கடையில் வேறு விதமாகவும் நடந்துகொள்வதில்லை. பாதரசம் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று ஆவியாகாமல் இருப்பதில்லை. எந்த நச்சுப் பொருளையும் நாம் ஒழுங்குபடுத்த முடிந்ததற்கு அடிப்படையே அதுதான்: சோதனையில் கண்டது வெளியிலும் உண்மை. அந்த அடிப்படை ஆடுகிறது என்றால், விற்றுவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பழைய வழி இங்கே செல்லாது. சோதிக்கும் முறை தேறும்வரை வேகத்தைக் குறை என்று சொல்ல ஓர் அதிகாரம் இருந்தே ஆக வேண்டும். ஒரு நாடு மட்டும் குறைத்தால் மற்றது முந்திவிடும் என்பதால் அந்த அதிகாரம் எல்லா நாட்டுக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

வத்தலக்குண்டில் கடை வைத்திருக்கும் என் தம்பியிடம் இதைச் சொன்னேன். அவன் எடுத்த எடுப்பில் மறுத்தான். "அக்கா, அவர்கள் எல்லாம் செய்து முடித்து உச்சியில் ஏறி உட்கார்ந்த பிறகு நமக்கு மட்டும் விதி என்பார்கள். நம் பிள்ளைகளுக்கு வேலை வரும் நேரத்தில் நீயே ஏன் கதவைச் சாத்தச் சொல்கிறாய்?"

அவன் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்கா ஒரு சிப் ஏற்றுமதி விதி கொண்டுவந்தது. நெருங்கிய நட்பு நாடுகளுக்குத் தடையில்லை, இந்தியா உள்ளிட்ட பெரும்பாலான நாடுகளுக்கு அளவு வைத்தார்கள். மே மாதத்திலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள் என்றாலும், பாதுகாப்பு என்ற பெயரில் ஏணியை மேலே இழுத்துக்கொள்வது எப்படி இருக்கும் என்று அது காட்டிவிட்டது. இதற்கு நான் அவனுக்குச் சொன்ன பதில் ஓசோன் கதை. குளிர்சாதனப் பெட்டியில் ஓடிய குளோரோஃபுளோரோகார்பன் ஓசோனை அரிக்கும் என்று வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் எழுதியது 1974. அன்டார்டிகாவுக்கு மேலே ஓட்டை தெரிந்தது 1985. மான்ட்ரியல் உடன்படிக்கை 1987. பாதரசத்துக்கு 57 ஆண்டு ஆன இடத்தில் இதற்குப் பதின்மூன்று. இந்தியா உடனே சேரவில்லை. 1990-இல் லண்டன் கூட்டத்தில் மேனகா காந்தி அமைச்சராகப் போய், ஓசோனைக் கெடுத்தது நீங்கள், மாற்றுத் தொழில்நுட்பத்தையும் அதற்கான செலவையும் தாருங்கள், பிறகு சேர்கிறோம் என்று நின்றார். சீனாவும் அதே நிலை. அந்தக் கூட்டத்தில் வளரும் நாடுகளுக்கென்று நிதி ஏற்படுத்தப்பட்டது. 1992-இல் இந்தியா சேர்ந்தது. அதனால் நம் வீடுகளில் ஃபிரிட்ஜ் இல்லாமல் போய்விடவில்லை. விதியை எதிர்க்காமல் விதியின் விலையைப் பேசி வாங்கினார்கள்.

அதே பேரத்தை இப்போதும் பேசலாம். கணினித் திறனில் பங்கு கொடுங்கள், ஆய்வு அதிகாரிகளில் எங்கள் ஆட்களும் இருக்கட்டும், உங்கள் மொழி மாதிரிகள் தமிழில், மராத்தியில், சந்தாலியில் எப்படி நடந்துகொள்கின்றன என்று சோதிக்க எங்களுக்குக் கதவைத் திறங்கள். இந்தியா கேட்க வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். கேட்கிறோமா? 2025 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகள் இப்போதைக்குத் தனிச் சட்டம் வேண்டாம், இருக்கும் சட்டங்களே போதும் என்ற பக்கம் நிற்கின்றன. இந்தியாவுக்கென்று ஒரு பாதுகாப்பு நிறுவனம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் எழுதப்பட்டது 2000-இல். தொழிற்சாலைச் சட்டம் 1948-லிருந்து இருந்தது, மூஞ்சிக்கல் இரும்புக் கடை வரை வந்த கண்ணாடியை அது தடுக்கவில்லை. தமிழ்நாடு அரசு 2020-இலேயே பாதுகாப்பான, அறம் சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது, மாநில அளவில் முன்னோடியாக. அரசு வாங்கும் செயலிகளைப் பற்றித்தான் அது பேசுகிறது. சந்தையில் வந்து இறங்கும் மாதிரிகள் அதன் வரம்பில் இல்லை.

தம்பி முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை. "அந்தப் பெண்ணுக்கு நீ முகவரி கண்டுபிடித்தாயா?" என்று மட்டும் கேட்டான்.

கண்டுபிடிக்கவில்லை. அதனால் திண்டுக்கல் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும், மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கும் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்திய மொழிகளில் மாதிரிகளைச் சோதிக்கும் வேலையாட்கள், கண்ட ஆபத்தைத் தம் ஒப்பந்தத்தை மீறியதாகாமல் நேராகச் சொல்ல அரசுக்குள் ஓர் அலுவலகம் வேண்டும். சொன்னவரின் வேலை போகக்கூடாது. இங்கே விற்கும் நிறுவனம் இந்திய மொழிகளில் செய்த சோதனை முடிவுகளை விற்பதற்கு முன்பே ஒப்படைக்க வேண்டும், பின்னால் யாராவது பாதிக்கப்பட்டால் நிரூபிக்கும் பாரம் அவர் தலையில் விழாமல் இருக்க. ஜெனீவா, நியூயார்க் கூட்டங்களில் ஆய்வு அதிகாரிகளுள்ள உடன்படிக்கையை இந்தியா தானே முன்மொழிய வேண்டும். இவை கடிதத்தில் இருக்கின்றன. அந்தப் பெண்ணின் பெயரோ வேலை விவரமோ அதில் இருக்காது.

இதைப் படிப்பவர்களில் இதே வேலை பார்ப்பவர்கள், குறிப்பாகத் தமிழில் பதில்களை மதிப்பிடுகிறவர்கள் இருந்தால், நிறுவனத்தின் பெயரையோ பார்த்த பதில்களையோ சொல்ல வேண்டாம். ஓர் ஆபத்தைக் கண்டால் இப்போது உங்களுக்கு எந்த வழி இருக்கிறது, எங்கே அடைபடுகிறது என்பதை மட்டும் எழுதுங்கள். சட்டம் தெரிந்தவர்கள் ரகசிய ஒப்பந்தம் பற்றிய என் பத்தியைத் திருத்திக் கொடுத்தால் பெரிய உதவி. வரைவை அடுத்த பதிவில் முழுமையாக இடுகிறேன், அதன்பிறகே தபாலில் சேர்ப்பேன்.